கழுத்துப் படம்

வருத்தம் நெஞ்சில. கழுத்தை ஏன் பார்க்கிறியள்
என்று கேட்டேன்.
பைபாசுக்கு முதல் எல்லாருக்கும் செய்யிறதுதான் ஐயா,
என்றாள் துண்டு எழுதுகிற பிள்ளை.
எல்லாருக்கும் என்ற சொல்லில்
ஒரு ஆறுதல் இருந்தது.
கொஞ்சம் சந்தேகமும்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. இலக்கம் பதினேழு.
வேணி எல்லாக் கடுதாசியையும் உடுப்புக்கடைப் பையில் போட்டு
மடியில் வைத்திருக்கிறாள்:
ஈசிஜி, எக்கோ, யாழ்ப்பாணத்தில் தொடையால் வயர் விட்டு எடுத்த படம்,
மூன்று குழாயில் அடைப்பு என்ற கடிதம்.
விசுவமடுவில் பஸ் ஏறும்போதே கேட்டவள்,
கழுத்திலயும் அடைப்பெண்டால்?
எண்டால் அதையும் கழட்டிப் பார்ப்பினம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

இருபத்தெட்டு வருசம் தண்ணி இறைக்கிற மெசின் திருத்தினவன் நான்.
பெற்றோல் மருந்தைப்போல வந்த நாட்களில்
நாலு சொட்டு மணக்கக் காட்டி
மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட விட்டவன்.
மிளகாய் வாடுது அண்ணை என்று
நடுச்சாமத்தில் படலை தட்டுவார்கள்.
கை வைக்க முதல் காது வைப்பேன்.

உள்ளே ஏசிக் குளிர். கழுத்தில் அதைவிடக் குளிர்ந்த களி.
நெஞ்சுப் பட்டியில் நிலூஷா என்று இருந்தது.
தலை அங்கால.
மூச்சு சும்மா எடுங்க.
ஆஸ்பத்திரிக்கு வேண்டிய அளவு தமிழ்.
எதையோ அழுத்தினாள்.
அறை முழுக்க என் சத்தம்.

உஸ். உஸ். உஸ்.
அறுபத்தொரு வருசமாய் ஓடுகிற மெசின்,
இன்றைக்குத்தான் கேட்கிறேன்.
வலப்பக்கம் சோலியில்லை, சீரான இழுவை.
இடப்பக்கம்
தாடைக்குக் கீழே ஓரிடத்தில்
சத்தம் கூர்ந்தது.
ஓஸ் பைப்பின் வாயைப் பெருவிரலால் பொத்தினால்
தண்ணி சீறிக்கொண்டு எட்டிப் பாயுமே, அதேதான்.
ஒடுங்கின இடத்தில்தான் வேகம் கூடும்.
அவள் திரையில் கோடு கீறி அளக்க முதல்
எனக்கு விளங்கிவிட்டது.
எவ்வளவு என்பதுதான் தெரியாது.

கருவி இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.
நின்றது.
திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.
வெள்ளையாய் ஒரு பொட்டு,
கீழே கறுப்பு நிழல் இழுத்தபடி.
இது, என்றாள்.
தமிழில் தேடினாள். கிடைக்கவில்லை.
யகட?

உதிரிப்பாகம் வாங்கித் திரிந்த காலத்தில்
நான் முதல் பொறுக்கிய சிங்களச் சொல்.
ஓம், இரும்பு.
எப்ப?
ஒன்பதாம் ஆண்டு, மாசி.

அவள் கை அசையவில்லை.
உஸ் உஸ் என்று சத்தம் மட்டும் தன்பாட்டில் போனது.
அப்போது இவளுக்குப் பத்து வயதிருக்குமோ,
எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடமோ.
நோகுதா என்றாள்.
எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல்
நீங்கள் அழுத்தினால் மட்டும் என்றேன்.
கருவியின் பாரத்தைக் குறைத்தாள்.
பிறகு, யாரும் கேட்காமல்,
இரும்புக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு கோடு கீறினாள்.
எட்டு மில்லிமீற்றர்.
இத்தனை வருசமாய்
அதற்கொரு அளவு இருக்குமென்று நான் நினைத்ததேயில்லை.
பக்கத்தில் நின்ற குகதாசனுக்கு
எத்தனை மில்லிமீற்றர் போதாமல் போனதோ.

டொக்டர் கடுதாசியைப் பார்த்தார்.
இடப்பக்கம் நாற்பது வீதம். பரவாயில்லை,
ஒபரேசனுக்குத் திகதி எடுக்கலாம்.
கடைசியாய் இருந்த ஒரு வரியை
அவர் வாசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாற்பதெண்டால் நல்லதோ கூடாதோ என்றாள் வேணி.
நாற்பதுக்கு நாங்கள் பைப் மாத்திறேல்லை.
இந்த முறை வாயோரம் கொஞ்சம் அசைந்தது.
பரந்தன் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வர
பஸ் தரிப்பில் வைத்துக் கண்டாள்,
களி முழுக்கப் போகவில்லை.
சேலைத் தலைப்பால் துடைத்தாள்,
இடம் வலம் பாராமல்,
இரண்டு பக்கமும் ஒரேமாதிரி அழுத்தி.